கைபேசிச் செயலியில் ஆவணக் காட்டி: பஞ்சாயத்துகள் அறிய வேண்டுவன

ஆவணம் என்பது நமது கிராம வாழ்க்கைக்குப் புதியதன்று. நிலத்தின் எல்லை, ஏரிநீர்ப் பங்கீடு, வரி, தானம் ஆகியவற்றைக் கல்லிலும் செப்பேட்டிலும் ஓலையிலும் எழுதி வைத்த நாடு இது. உத்திரமேரூர்க் கோயிற் சுவரில், பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஊர்ச் சபைக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் விதிகள் பொறிக்கப்பட்டன. அவ்விதிகளை அறிய விரும்பியவர் எவருடைய அனுமதியையும் நாட வேண்டியதில்லை. சுவரின் முன் போய் நின்றால் போதும்.

பிற்காலத்தில் ஆவணங்கள் காகிதத்திற்கு மாறின. கணக்குப்பிள்ளையின் பெட்டிக்குள் சென்றன. 1980-ஆம் ஆண்டில் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவி ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் முறை ஏற்பட்டது. பின்னர்க் கணிப்பொறி வந்தது. இன்று பட்டா, சிட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று ஆகியன இணையத்தின் வழியே கிடைக்கின்றன. உழவர்களுக்கென 2018-ஆம் ஆண்டில் ‘உழவன்’ செயலியும் நமது மாநிலத்தில் தொடங்கப்பட்டது. பெட்டிக்குள் கிடந்த ஆவணம் இவ்வாறு உழவரின் சட்டைப் பைக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆயினும், பைக்குள் வந்த ஆவணம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமல்லவா? பயிர்க் கடனுக்காகக் கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலில் நிற்கும் விவசாயி, கைபேசியில் தமது ஆவணத்தைத் திறக்கிறார். திரையில் வெற்றுப் பக்கம் தோன்றுகிறது. அல்லது தமிழ் எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் கட்டங்கள் தோன்றுகின்றன. அன்றைய வேலை கெட்டது. ஒரு நாட் கூலியும் பேருந்துக் கட்டணமும் போயின. திறக்க இயலாத ஆவணம் பூட்டிய பெட்டியில் உள்ள ஆவணத்தைவிட எவ்வகையிலும் மேலானதன்று.

பஞ்சாயத்துகளும், கூட்டுறவுச் சங்கங்களும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் தமக்கெனக் கைபேசிச் செயலிகள் அமைத்துக்கொள்ள முற்படும் காலம் இது. அச்செயலிகளில் ஆவணங்களைக் காட்டும் பகுதியை எங்ஙனம் அமைக்க வேண்டும், அமைப்போரிடம் எவற்றைக் கேட்க வேண்டும், எவற்றைச் சோதித்து ஏற்க வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். செயலியை எழுதுவது தொழில் வல்லுநரின் பணி. ஆயின், கிணறு வெட்டுவோர் வேறாயினும் எவ்விடத்தில், எவ்வளவு ஆழத்தில் வெட்டுவது என்பதை நிலத்துக்குரியவர் அறிந்திருக்க வேண்டுவதுபோல, செயலியின் தேவையை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

ஆவணக் காட்டி என்பது யாது?

கணிப்பொறியிலும் கைபேசியிலும் உள்ள ஆவணம், உண்மையில் எண்களின் நீண்ட வரிசையே ஆகும். அதற்குக் கோப்பு என்று பெயர். அவ்வெண்களைப் படித்து, எவ்விடத்தில் எந்த எழுத்து, எவ்விடத்தில் கோடு, எவ்விடத்தில் படம் என்று அறிந்து, திரையில் பக்கமாக வரைந்து காட்டும் பகுதியே ஆவணக் காட்டியாகும்.

இன்று பெரும்பாலான ஆவணங்கள் பி.டி.எப். என்னும் வடிவத்தில் உள்ளன. இது 1993-ஆம் ஆண்டில் அடோபி நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. 2008-ஆம் ஆண்டில் சர்வதேசத் தர அமைப்பின் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. ஆதலின், எவரும் இவ்வடிவத்தைப் படிக்கும் கருவியைச் செய்துகொள்ளலாம். எந்தக் கணிப்பொறியில் திறந்தாலும் பக்கத்தின் அமைப்பு மாறாதிருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். பட்டாவில் முத்திரை இருக்கும் இடமும், வரவுசெலவுக் கணக்கில் தொகை இருக்கும் கட்டமும் இடம் பெயராமலிருப்பது இதனாற்றான்.

எல்லாவற்றுக்கும் ஆவணக் காட்டி வேண்டுமா?

செயலி அமைக்கத் தொடங்குமுன் ஆவணங்களை மூவகையாகப் பிரித்துக்கொள்வது நலம்.

முதல் வகை, படித்தறிய வேண்டியவை. கிராம சபைக் கூட்டத்தின் அறிவிப்பு, பொருள் நிரல், விதை விநியோகச் செய்தி முதலியன இவ்வகையின. இவற்றைப் பி.டி.எப். கோப்பாக்கி இணைப்பது தேவையற்ற வேலை. செயலியின் திரையிலேயே நேரடியாக எழுத்தில் வெளியிட்டால் விரைவில் திறக்கும். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். கண் பார்வையற்றோருக்குக் கைபேசியே படித்துச் சொல்லும்.

இரண்டாம் வகை, ஆராய்ந்து பார்க்க வேண்டியவை. பஞ்சாயத்தின் வரவுசெலவுத் திட்டம், தணிக்கை அறிக்கை, பணிகளின் மதிப்பீடு, புலப்படம் ஆகியன இவ்வகையின. இவற்றில் கட்டங்களும் அளவுகளும் கோடுகளும் உள்ளமையால் பக்கத்தின் அமைப்பு குலையாமல் காட்ட வேண்டும். ஆவணக் காட்டி இங்கே இன்றியமையாதது.

மூன்றாம் வகை, சான்றாகக் காட்ட வேண்டியவை. பட்டா நகல், வருமானச் சான்று, சாதிச் சான்று, பங்குச் சான்று முதலியன இவ்வகையின. இவற்றைத் திரையில் காட்டினால் மட்டும் போதாது. மூலக் கோப்பை ஓர் எழுத்தும் மாற்றாமல் காத்து, வேண்டியபோது பிறருக்கு அனுப்பவும், உண்மையானதா என்று சரிபார்க்கவும் வழி வேண்டும்.

இப்பாகுபாட்டைச் செய்துகொள்ளாமல், “எல்லாவற்றையும் பி.டி.எப். ஆக்கி ஏற்றிவிடுங்கள்” என்று சொல்லும் இடத்திற்றான் செலவும் மிகுகிறது, மக்களும் படிப்பதில்லை.

அமைக்கும் வழிகள் நான்கு

ஆவணக் காட்டியைச் செயலியில் சேர்ப்பதற்கு நான்கு வழிகள் உண்டு.

முதல் வழி, ஆவணத்தைக் கைபேசியில் ஏற்கனவே உள்ள வேறொரு செயலியிடம் ஒப்படைப்பது. செலவு மிகக் குறைவு. ஆயின், ஆவணத்தைத் திறக்கும் செயலி எதுவும் அக்கைபேசியில் இல்லையெனின், நமது செயலி செய்வதறியாது நின்றுவிடும். அந்நிலையில் தக்க செய்தியைக் காட்டி வழி சொல்லுமாறு அமைக்க வேண்டும். மேலும், 2016-ஆம் ஆண்டில் வந்த ஆண்ட்ராய்டு 7 முதற்கொண்டு, கோப்பு இருக்கும் இடத்தை அப்படியே பிற செயலிக்குச் சொல்லும் பழைய முறை தடுக்கப்பட்டுள்ளது. அக்கோப்பு ஒன்றை மட்டும் பார்க்கத் தற்காலிக அனுமதி வழங்கும் முறையையே கையாள வேண்டும். வீட்டுச் சாவியைக் கொடுக்காமல், கேட்ட பொருளை மட்டும் திண்ணையில் எடுத்து வைப்பது போன்றது இது.

இரண்டாம் வழி, கைபேசியின் இயக்க முறைமையிலேயே உள்ள கருவியைப் பயன்படுத்துவது. ஆண்ட்ராய்டில் 2014-ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு முதலும், ஐபோனில் 2017-ஆம் ஆண்டின் பதினொன்றாம் பதிப்பு முதலும் பி.டி.எப். பக்கங்களை வரையும் கருவிகள் உள்ளன. இதற்குத் தனிக் கட்டணம் இல்லை; செயலியின் பருமனும் கூடாது; ஆவணம் நமது செயலியை விட்டு வெளியே செல்வதுமில்லை. ஆயின், ஆண்ட்ராய்டுக் கருவி பல ஆண்டுகள் வரை பக்கத்தைப் படமாக வரைந்து தருவதோடு நின்றது. கடவுச்சொல் இட்ட கோப்பைத் திறத்தல், சொல்லைத் தேடுதல் ஆகியன 2024-ஆம் ஆண்டின் ஆண்ட்ராய்டு 15-இல்தான் அதனுடன் சேர்க்கப்பட்டன. ஆதாரின் மின்வடிவக் கோப்பு கடவுச்சொல் இட்டே வருகிறது என்பதை நினைவிற் கொண்டால், பழைய கைபேசி வைத்திருப்போருக்கு இதனால் நேரும் இடர் விளங்கும்.

மூன்றாம் வழி, தனிக் கருவித் தொகுப்பு ஒன்றைச் செயலிக்குள்ளேயே சேர்த்துவிடுவது. மொசில்லா அமைப்பினர் 2011-இல் வெளியிட்ட பி.டி.எப்.ஜே.எஸ்., கூகிள் நிறுவனத்தார் 2014-இல் மூலநிரலுடன் வெளியிட்ட பி.டி.எப்.யம் ஆகியன கட்டணமின்றிக் கிடைப்பவை. எல்லாக் கைபேசிகளிலும் ஒரே தன்மையாக ஆவணம் தோன்றும்; கடவுச்சொல், தேடுதல் முதலிய வசதிகளையும் பெறலாம். செயலியின் பருமன் கூடுவது இதன் குறை. உரிமத்தையும் கவனிக்க வேண்டும். சில தொகுப்புகள் எவரும் பயன்படுத்தத் தக்கவை. சில, நமது செயலியின் மூலநிரலையும் வெளியிடுமாறு நிபந்தனை விதிப்பவை. சில, ஆண்டுதோறும் கட்டணம் கேட்பவை. எவ்வகை உரிமம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

நான்காம் வழி, மையக் கணிப்பொறியிலேயே பக்கங்களைப் படமாக்கி, பார்க்கும் பக்கத்தை மட்டும் கைபேசிக்கு அனுப்புவது. மிகச் சாதாரணக் கைபேசியிலும் இது வேலை செய்யும். ஆயின், இணையத் தொடர்பு இல்லாத இடத்தில் ஒன்றும் தெரியாது. கழனியிலும் மலையோரக் குக்கிராமத்திலும் தொடர்பு அற்றுப்போவது இயல்பாதலின், இதனை மட்டுமே நம்பியிருத்தல் கூடாது.

சிறு செயலிகளுக்கு நாம் பரிந்துரைப்பது யாதெனில், இரண்டாம் வழியையோ மூன்றாம் வழியையோ முதன்மையாகக் கொண்டு, “வேறு செயலியில் திற” என்னும் பொத்தானையும் துணையாக வைப்பதாகும். ஊரில் பழைய கைபேசிகள் மிகுதியாயின் மூன்றாம் வழியே ஏற்றது.

வெற்றுப் பக்கம் தோன்றுவது ஏன்?

செயலி அமைப்போரிற் சிலர் இன்னொரு சுருக்கு வழியைக் கையாளுவர். செயலிக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் சாளரம் ஒன்று உண்டு; அதிலேயே ஆவணத்தின் முகவரியைக் கொடுத்துவிடுவர். ஐபோனில் அச்சாளரம் பி.டி.எப். ஆவணத்தைக் காட்டிவிடும், ஆண்ட்ராய்டில் காட்டாது. அமைப்பவர் தமது ஐபோனில் பார்த்துத் திருப்தியடைந்திருப்பார். ஊராருக்கோ வெற்றுப் பக்கமே தோன்றும். நமது உழவர்களிற் பெரும்பாலோர் ஆண்ட்ராய்டுக் கைபேசியே வைத்திருப்பதால், இப்பிழை அவர்கள் தலையிலேயே விழுகிறது.

வெற்றுப் பக்கத்தைப் போக்க, ஆவணத்தின் முகவரியை வெளியார் நடத்தும் இணையக் காட்டி ஒன்றுக்கு அனுப்பி, அது வரைந்து தருவதைக் காட்டுவாரும் உளர். பொது அறிவிப்புகளுக்கு இதனால் பெருந்தீங்கில்லை. ஆயின், அவ்வாறு காட்ட வேண்டுமெனின் ஆவணம், முகவரி தெரிந்த எவரும் எடுக்கக்கூடிய இடத்தில் இருத்தல் வேண்டும். ஒரு குடும்பத்தின் நில விவரத்தையும் கடன் கணக்கையும் அவ்வாறு திறந்த வெளியில் வைப்பது முறையன்று.

தமிழ் எழுத்துக்கு உரிய கவனம்

ஆங்கில ஆவணத்தைச் சரியாகக் காட்டும் கருவி, தமிழ் ஆவணத்தையும் அவ்வாறே காட்டும் என்று கொள்ளலாகாது. இதற்கு மூன்று காரணங்கள் உள.

முதலாவது, எழுத்துரு. பி.டி.எப். கோப்புக்குள் எழுத்துருவையும் சேர்த்து வைக்கலாம், சேர்க்காமலும் விடலாம். சேர்க்காதபோது, அவ்வெழுத்துரு இல்லாத கைபேசியில் கட்டங்களோ பொருளற்ற குறிகளோ தோன்றும். அலுவலகக் கணிப்பொறியில் அவ்வெழுத்துரு இருப்பதால் அங்கே குறை தெரியாது. நெடுங்காலம் காக்க வேண்டிய ஆவணங்களுக்கென 2005-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட பி.டி.எப்.-ஏ என்னும் தரம், எழுத்துருவைக் கோப்புக்குள் சேர்ப்பதைக் கட்டாயமாக்குகிறது. நமது ஆவணங்களை இத்தரத்தில் சேமிப்பது சாலச் சிறந்தது.

இரண்டாவது, எழுத்துக் குறியீடு. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் ‘அம்மா’ என்று திரையில் தெரிவது, கோப்பினுள்ளே ஆங்கில எழுத்துகளின் கோவையாகவே கிடக்கிறது. பார்வைக்குத் தமிழாயினும், ‘பாசனம்’ என்று தேடினால் கிடைக்காது. கண் பார்வையற்றோருக்குக் கைபேசி படித்துச் சொல்லவும் இயலாது. நமது அரசு 2010-ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியைத் தமிழுக்குரிய தரமாக அறிவித்துள்ளது. இனி எழுதும் தீர்மானங்களையும் கணக்குகளையும் ஒருங்குறியிலேயே எழுதுதல் வேண்டும்.

மூன்றாவது, எழுத்துகளின் கோப்பு முறை. ‘கொ’ என்னும் எழுத்தில் ககரத்திற்கு முன் ஒரு குறியும், பின் ஒரு குறியும் வருகின்றன. கோப்பினுள்ளோ, முதலில் ககரமும் அதனையடுத்து ஒகரக் குறியும் இருக்கின்றன. இவற்றை உரிய முறையில் கோத்து வரையத் தெரியாத கருவி, எழுத்தைப் பிரித்துக் காட்டிவிடும். செயலியே பற்றுச்சீட்டு அல்லது அறிக்கையைப் பி.டி.எப். ஆக உண்டாக்கும்போது இப்பிழை அடிக்கடி நேர்கிறது. ‘கொள்முதல் தொகை பெற்றுக்கொண்டேன்’ என்னும் வாக்கியத்தை அச்சிட்டுப் பார்த்தால் இக்குறை உடனே வெளிப்படும்.

கோப்பின் பருமனும் கைபேசியின் வலிமையும்

ஏ-4 பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 200 புள்ளி வீதம் வரைந்தால் அகலத்தில் 1,654 புள்ளிகளும் உயரத்தில் 2,338 புள்ளிகளும் ஆகும். மொத்தம் ஏறத்தாழ 38 இலட்சத்து 67 ஆயிரம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நினைவகத்தில் 4 பைட் வேண்டும். ஆக, ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 15.5 மெகாபைட். 40 பக்கமுள்ள தணிக்கை அறிக்கை முழுவதையும் ஒரே சமயத்தில் வரைய முற்பட்டால் 620 மெகாபைட் தேவைப்படும். விலை குறைந்த கைபேசி இச்சுமையைத் தாங்காது, செயலி நின்றுவிடும். ஆதலின், கண்முன் உள்ள பக்கத்தையும் அதன் முன் பின் பக்கங்களையும் மட்டும் வரைந்து, கடந்துபோன பக்கத்தை நினைவகத்திலிருந்து நீக்கிவிடுமாறு காட்டியை அமைக்க வேண்டும். மூட்டைகள் அனைத்தையும் ஒரே நடையில் சுமக்க முயலாமல், ஒவ்வொன்றாக எடுத்துச் செல்வதே அறிவுடைமை.

ஆவணத்தை ஸ்கேன் செய்து ஏற்றும் முறையிலும் கவனம் தேவை. பக்கத்தைக் கைபேசியால் வண்ணப் புகைப்படமாக எடுத்தால் ஒவ்வொன்றும் 3 மெகாபைட் ஆகக்கூடும். 40 பக்கங்களுக்கு 120 மெகாபைட். வினாடிக்கு 1 மெகாபிட் வேகமுள்ள தொடர்பில் அதனைப் பெற 16 நிமிடம் பிடிக்கும். எழுத்து மட்டுமே உள்ள அதே பக்கத்தை ஸ்கேன் கருவியில் கறுப்பு வெள்ளையாக எடுத்துச் சுருக்கி வைத்தால் பெரும்பாலும் 100 கிலோபைட்டுக்குள் அடங்கும். 40 பக்கங்களுக்கு 4 மெகாபைட். 32 வினாடியில் வந்து சேரும். கிராம சபைக்கு வருவோர் அனைவரும் தம் கைபேசியில் கணக்கைப் பார்ப்பதும் பாராமல் விடுவதும் இவ்வேறுபாட்டைப் பொறுத்தே அமையும்.

கணக்கு கணிப்பொறியிலேயே தயாரிக்கப்பட்டதாயின், அதனை அச்சிட்டு, மீண்டும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டுவதில்லை. நேரே பி.டி.எப். ஆகச் சேமித்தால் பருமன் குறையும். எழுத்தும் தெளிவாக இருக்கும். வேர்டு, எக்செல் கோப்புகளை அப்படியே ஏற்றுதல் கூடாது. அவற்றைக் காட்டப் பல கைபேசிகளில் கருவியில்லை. அலுவலகத்திலேயே பி.டி.எப். ஆக மாற்றி ஏற்றுக.

இன்னொரு கணக்கையும் நோக்குவோம். ஏ-4 பக்கத்தின் அகலம் 21 சென்டிமீட்டர். கைபேசித் திரையின் அகலமோ ஏறத்தாழ 6.5 சென்டிமீட்டர். முழுப் பக்கத்தையும் திரைக்குள் அடக்கினால், 12 புள்ளி அளவுள்ள எழுத்து 4 புள்ளிக்கும் கீழாகச் சுருங்கும். வயது முதிர்ந்தோர் அதனைப் படிக்க இயலாது. எனவே, விரல்களால் விரித்துப் பெரிதாக்கும் வசதியும், அதனோடு பெரிய பொத்தானும் வேண்டும். பெரிதாக்கும்போது முன்பு வரைந்த படத்தையே இழுத்துக் காட்டினால் எழுத்து மங்கும். அப்பகுதியைப் புதிதாக வரைந்து காட்டினால் தெளிவாக இருக்கும். புலப்படத்தில் எல்லைக் கோட்டின் அளவைக் குறிக்கும் சிற்றெண்களைப் படிப்பதற்கு இது மிகவும் அவசியம். 3-ஐ 8 என்று படித்தால் வரப்புத் தகராறுக்கு அதுவே வித்தாகக்கூடும்.

பழைய நகலும் புதிய நகலும்

இணையம் இல்லாத இடத்திலும் ஆவணத்தைக் காணும்பொருட்டு, ஒருமுறை பெற்ற கோப்பைக் கைபேசியிலேயே சேமித்து வைப்பது நல்ல ஏற்பாடு. ஆயின் இதில் ஓர் அபாயமும் உண்டு. சென்ற ஆண்டு பெற்ற பட்டா நகல் கைபேசியில் இருக்கிறது; இடையில் பாகப்பிரிவினையாலோ கிரயத்தாலோ பட்டா மாறிவிட்டது. செயலி பழைய நகலையே, புதியது போன்று காட்டிக்கொண்டிருந்தால், அதை நம்பி நிலம் வாங்குவோரும் கடன் கொடுப்போரும் ஏமாறுவர்.

ஆதலின், “இந்நகல் பெறப்பட்ட நாள்” என்பதைப் பக்கத்தின் தலைப்பில் எப்போதும் காட்டுமாறு அமைக்க வேண்டும். தொடர்பு கிடைத்தவுடன் புதிய பதிப்பு உள்ளதா என்று வினவி, இருப்பின் அறிவிக்கவும் வேண்டும். பஞ்சாயத்தின் கணக்கு திருத்தப்பட்டால், பழைய கோப்பின் பெயரிலேயே புதியதை ஏற்றாமல், திருத்திய நாளையும் பெயரோடு சேர்த்து ஏற்றுதல் நலம். எது முன்னது, எது பின்னது என்பது அப்போது எவருக்கும் விளங்கும்.

சான்றின் உண்மையைச் சரிபார்த்தல்

திரையில் தெரிவதெல்லாம் உண்மை ஆவணம் என்று கருதுதல் கூடாது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுக் கையொப்பத்தை ஏற்றுக்கொண்டுள்ளது. அக்கையொப்பம், கையெழுத்தைப் படம் பிடித்து ஒட்டியது அன்று. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாற்றத்தை வெளிப்படுத்தும் கணித முத்திரையாகும். கைபேசிக் காட்டிகள் பல, கையொப்பம் இருக்கும் இடத்தை மட்டும் காட்டுமேயன்றி, அதனைச் சோதிப்பதில்லை. சோதிக்காத காட்டி, “சரியானது” என்னும் பொருள்படப் பச்சைக் குறி எதனையும் காட்டாதிருக்க வேண்டும்.

நமது மாநில இணையச் சேவையில் பெறப்படும் பட்டா நகலில் சரிபார்ப்பதற்குரிய எண் ஒன்று தரப்படுகிறது. அதே தளத்தில் அவ்வெண்ணைக் கொடுத்து நகலின் உண்மையை அறியலாம். 2015-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட டிஜிலாக்கர் என்னும் மத்திய அரசின் மின்பெட்டகத்தில், ஆவணத்தை வழங்கும் துறையிடமிருந்தே அது நேரடியாக வந்து சேர்கிறது. சான்றாவணங்களைத் தாமே சேமித்துக் காட்ட முற்படும் சிறு செயலிகள், அதனினும் மேலாக, இத்தகைய மூல இடங்களுக்கு மக்களை வழிகாட்டிவிடுவதே பொறுப்பான செயலாகும்.

பிறர் கண் படாமற் காத்தல்

கிராமக் குடும்பங்களில் ஒரு கைபேசியைப் பலர் பயன்படுத்துவது வழக்கம். கைபேசி பழுது பார்க்கும் கடைக்கும் போகும். சிறுவர் கையிலும் இருக்கும். ஆதலின், தனிமனிதரின் ஆவணங்களைப் பொதுச் சேமிப்பிடத்தில் வைக்காமல், செயலிக்கே உரிய தனியறையில் வைக்க வேண்டும். திறப்பதற்குக் கடவெண் கேட்க வேண்டும். செயலியை விட்டு வெளியேறினால் கோப்புகள் நீங்க வேண்டும்.

பஞ்சாயத்து வெளியிடும் ஆவணங்களிலும் இக்கவனம் வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பொது அமைப்புகள் தம் செயல்பாடுகளைத் தாமே முன்வந்து வெளியிட வேண்டும் என்கிறது. ஆயின், பயனாளிகளின் பெயர்ப் பட்டியலை வெளியிடும்போது அவர்களுடைய ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் சேர்த்து வெளியிட எவரும் கூறவில்லை. தனிமனிதர் தரவைக் காக்க 2023-ஆம் ஆண்டில் தனிச் சட்டமும் இயற்றப்பட்டுள்ளது. அத்தகைய எண்களின் மேல் கறுப்புக் கட்டம் வரைவது போதாது, பி.டி.எப். கோப்பில் கட்டத்தின் கீழே எழுத்து அப்படியே இருக்கும். நகல் எடுத்தால் வெளிப்பட்டுவிடும். அவ்வெண்களை மூலக் கோப்பிலேயே நீக்கிவிட்டுப் பின்னர்ப் பி.டி.எப். ஆக்குதல் வேண்டும்.

சோதித்து ஏற்றல்

கட்டிய சாலையை அளந்து பார்த்துப் பணம் கொடுப்பது போலவே, செயலியையும் சோதித்துப் பார்த்த பின்னரே இறுதித் தவணையை வழங்க வேண்டும். இச்சோதனைகளை அலுவலகத்தில் உள்ள புதிய கைபேசியில் மட்டும் செய்தல் கூடாது. ஊரில் உள்ள மிகப் பழைய, விலை குறைந்த ஆண்ட்ராய்டுக் கைபேசியிலும் செய்தல் வேண்டும்.

1. 40 பக்கத்துக்கு மேற்பட்ட கணக்கறிக்கையைத் திறந்து, முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரைவாகத் தள்ளிப் பார்க்க, செயலி நின்றுவிடலாகாது.

2. ‘கொ, கோ, கௌ, கை, கெ, ஸ்ரீ’ முதலிய எழுத்துகள் உள்ள பக்கத்தைத் திறந்து, அவை பிரியாமல் தோன்றுகின்றனவா என்று பார்க்க.

3. புலப்படம் ஒன்றைத் திறந்து, பெரிதாக்கி, அதன் சிற்றெண்கள் தெளிவாக உள்ளனவா என்று பார்க்க.

4. ஆவணத்தைத் திறந்த பின்னர் இணையத்தைத் துண்டித்து, மீண்டும் திறந்து பார்க்க. பெற்ற நாள் தலைப்பில் தெரிய வேண்டும்.

5. பாதி இறங்கிய நிலையில் தொடர்பை அறுத்துப் பார்க்க. பழுதான கோப்பைக் காட்டாமல், “மீண்டும் முயல்க” என்று தமிழில் செய்தி வர வேண்டும்.

6. கடவுச்சொல் இட்ட கோப்பைத் திறந்து பார்க்க. கடவுச்சொல்லைக் கேட்க வேண்டும்.

7. கண் பார்வையற்ற ஒருவரையும், அறுபது வயதைக் கடந்த ஒருவரையும் அழைத்து, உதவியின்றி ஓர் ஆவணத்தைத் திறக்கச் சொல்லிப் பார்க்க. இச்சோதனை மற்றவையனைத்திலும் சிறந்தது.

ஒப்பந்தத்தில் மூலநிரல் பஞ்சாயத்துக்கோ சங்கத்துக்கோ உரியது என்றும், இயக்க முறைமை மாறுந்தோறும் செயலியைப் புதுப்பித்துத் தர வேண்டும் என்றும் எழுதிக்கொள்க. கைபேசியின் இயக்க முறைமை ஏறத்தாழ ஆண்டுக்கொருமுறை புதிய பதிப்பைப் பெறுகிறது. பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமல் அமைத்த செயலி, தூர் வாராத கால்வாய்போல விரைவில் அடைபட்டுப்போகும்.

முடிவுரை

நமது மாநிலத்தில் கிராம சபைகள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூட்டப்படுகின்றன. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, கிராமத் திட்டத்தையும் வரவுசெலவையும் தணிக்கை அறிக்கையையும் சபை ஆராய்கிறது. கூட்டத்தன்று வாசிக்கக் கேட்டு மட்டும் ஒரு கணக்கை ஆராய முடியுமா? ஒரு வாரம் முன்னதாகவே ஒவ்வொரு குடும்பமும் அதனைத் தன் கைபேசியில் திறந்து, ஐயமுள்ள வரியைக் குறித்து வந்தால், கேள்வி கூர்மையாகும், விடையும் பொறுப்புடையதாகும்.

செயலி இல்லாதோரையும் மறத்தல் ஆகாது. கைபேசியில் ஏற்றிய ஒவ்வோர் ஆவணத்தின் அச்சு நகலும் பஞ்சாயத்து அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் இருத்தல் வேண்டும். உத்திரமேரூர்ச் சுவரின் பெருமை, அதன் முன் நின்ற எவரும் அதனைக் காணலாம் என்பதே. நாம் அமைக்கும் ஆவணக் காட்டியும் அவ்வாறே அனைவருக்கும் திறக்குமாறு அமைய வேண்டும்.

கலந்தாராய்வதற்குரிய வினாக்கள்

1. நமது பஞ்சாயத்து வெளியிடும் ஆவணங்களை மூவகையாகப் பிரித்து எழுதுக. அவற்றுள் ஆவணக் காட்டி தேவைப்படாதன எவை?

2. நமது ஊரில் பயன்படும் கைபேசிகளுள் மிகப் பழையது எந்த ஆண்ட்ராய்டுப் பதிப்பை உடையது? நான்கு வழிகளுள் எது அதற்குப் பொருந்தும்?

3. சென்ற கிராம சபையின் தீர்மானங்கள் ஒருங்குறியில் எழுதப்பட்டுள்ளனவா? ஒரு சொல்லைத் தேடிப் பார்த்து அறிக.

4. பயனாளிகள் பட்டியலை வெளியிடும்போது நீக்க வேண்டிய விவரங்கள் யாவை? அவற்றை நீக்கும் பொறுப்பு யாருடையது?

5. செயலியின் பராமரிப்புக்காக ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்க இயலும்? அத்தொகை போதாதாயின், அண்டைப் பஞ்சாயத்துகளுடன் சேர்ந்து ஒரே செயலியை அமைத்துக்கொள்வது கூடுமா?